பதக்கம் கொடுத்த கும்பினியே தூக்கிலிட்ட கான்சாகிபு

குளத்தூர், எட்டயபுரம், நெற்கட்டும்செவல் என்று நம் கரிசல் சீமை பாளையங்களாகப் பிரிந்து கிடந்த காலம். அன்று பாளையக்காரர்களை நடுங்க வைத்த பெயர் கான்சாகிபு. மருதநாயகம் என்ற பெயரோடு பிறந்து, இசுலாம் தழுவி முகமது யூசுப்கான் ஆனவர் இவர்.

சொந்த ஊர் இராமநாதபுரம் சீமைப் பனையூர். வேளாளர் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. சாதி தேடி அவரை உரிமை கொண்டாடுவது நம் வேலையல்ல. எளிய சிப்பாயாகத் தொடங்கி உயர்ந்தவர் என்பதே நமக்கு முக்கியம். ஊர் ஒதுக்கி வைத்தவர்களுக்கும் துப்பாக்கியும் சம்பளமும் கொடுத்தது கும்பினிப் படை. பறையர் பலரும் மதராஸ் படையில் சேர்ந்தது அப்படித்தான்.

திருச்சி முற்றுகையில் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகக் காட்டிய திறமையால், 1754இல் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர்களை அலைக்கழித்தவரும் இவரே. பிறகு மதுரை, நெல்லைச் சீமைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

1761இல் பூலித்தேவரின் கோட்டைகள் அவரிடம் வீழ்ந்தன. அருந்ததியர் ஒண்டிவீரனும் தேவேந்திரர் வெண்ணிக்காலாடியும் பூலித்தேவர் பக்கம் நின்று போரிட்டதை மக்கள் வழக்கு இன்றும் சொல்கிறது. கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் இரத்தம் சிந்தியது நம் சனம்தான். வரிப்பணம் மட்டும் மேலே போனது.

அந்தப் பணமே கான்சாகிபுக்கும் வினையானது. ஆற்காட்டு நவாப் முகமது அலி, அவரைத் தன் ஊழியர் என்றார். கும்பினியும் நவாப் பக்கம் சாய்ந்தது. கான்சாகிபு பணியவில்லை. 1763இல் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. முதல் முற்றுகை தோற்றது. மறு ஆண்டு கோட்டைக்குள் பசி புகுந்தது. கடைசியில் அவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சு அதிகாரி மார்ச்சண்டும் சேர்ந்து காட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். பிறகு உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலில் மக்கள் அவரை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். மேலிருப்பவர் மனமுவந்து கொடுக்கும் பட்டமும் பதவியும் அவர் மனம் மாறும்வரைதான். அதனால்தான் நாம் சலுகை கேட்பதில்லை, சட்டப்படியான உரிமை கேட்கிறோம்.