மூன்றாவது பூச்சு

பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்தி வீடு கட்டி விளையாடியிருப்பீர்கள், மாணவச் செல்வங்களே! வீடு மட்டுமா? மோட்டாரும் பற்சக்கரமும் சேர்த்தால் ஓடும் ரயில், பாரம் தூக்கும் கிரேன், சொன்னபடி நகரும் ரோபோ எல்லாம் செய்யலாம். இதற்கு வித்திட்டவர் பெரிய இன்ஜினியர் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. அவர் ஒரு கிராமத்துத் தச்சர்!

அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். டென்மார்க் நாட்டில் பில்ஸ்கோவ் என்ற ஊர்ப்பக்கம், 1891ம் ஆண்டு ஏப்ரல் 7ம் தேதி ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தச்சு வேலை கற்று, ஜெர்மனியிலும் நார்வேயிலும் வேலை பார்த்தார். 1916ல் பில்லுண்ட் கிராமத்தில் ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார்.

சோதனைகள் வரிசையாக வந்தன. 1924ல் அவருடைய சிறு மகன்கள் இருவர் விளையாட்டாக நெருப்பு மூட்ட, மரச்சீவலில் தீ பற்றியது. பட்டறையும் வீடும் சாம்பலாயின. மீண்டும் கட்டினார். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விவசாயிகளிடம் பணம் இல்லை. வீடு கட்டவோ மேஜை நாற்காலி செய்யவோ யாரும் வரவில்லை. 1932ல் மனைவியும் இறந்துபோனார். நான்கு பிள்ளைகளோடு தனியாக நின்றார் ஓலே.

அந்த ஆண்டில்தான் ஏணி, இஸ்திரிப் பலகை ஆகியவற்றோடு மரப் பொம்மைகளும் செய்யத் தொடங்கினார். 1934ல் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயர் வைத்தார். டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம் அது.

ஒரு சமயம், அவருடைய மகன் காட்பிரட் மர வாத்துகளுக்கு வார்னிஷ் பூசினான். வழக்கமாக மூன்று முறை பூச வேண்டும். அவன் இரண்டோடு நிறுத்தி, பெட்டியில் அடுக்கி ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டான். செலவு மிச்சம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். அப்பா பாராட்டவில்லை. உடனே போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, இரவெல்லாம் ஆனாலும் தனியாகவே மூன்றாவது பூச்சைப் பூசி முடிக்கும்படி சொல்லிவிட்டார்!

1942ல் தொழிற்சாலை மறுபடி எரிந்தது. மறுபடி கட்டினார் ஓலே. போருக்குப் பின், 1946ல், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இயந்திரத்தைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார். இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் உருவாக்கியிருந்த கட்டைகளைப் பார்த்து, 1949ல் பிளாஸ்டிக் கட்டைகளை வெளியிட்டார். ஆனால், அவை ஒன்றையொன்று இறுகப் பற்றவில்லை. இதற்குத் தீர்வு தந்தவர் யார் தெரியுமா? வாத்துக்குப் பூச்சைக் குறைத்த அதே காட்பிரட்! கட்டையின் அடியில் சிறு குழாய்களை அமைத்தார். கீழ்க்கட்டையின் குமிழ்கள், குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி இறுகின. 1958 ஜனவரி 28ல் இதற்குக் காப்புரிமை கோரினார். அதே ஆண்டு மார்ச் 11ல் ஓலே காலமானார்.

அதன்பின் வளர்ந்த அதிசயங்களை அவர் பார்க்கவில்லை. 1966ல் பேட்டரி மோட்டாரில் ஓடும் ரயில் வந்தது. 1977ல் பற்சக்கரமும் அச்சும் கொண்ட டெக்னிக் வகை வந்தது. 1998ல் கம்ப்யூட்டர் கட்டளைக்கு இயங்கும் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோக்கள் வந்தன. அவற்றின் விற்பனை 2022ல் நிறுத்தப்பட்டது.

இப்போது ஒரு கணக்கு! சிறிய மோட்டார் வேகமாகச் சுற்றும். ஆனால், அதற்குப் பலம் குறைவு. அதில் 8 பல் உள்ள சக்கரத்தை மாட்டி, 24 பல் உள்ள சக்கரத்தோடு இணையுங்கள். சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகும். சுழற்றும் பலமோ ஏறக்குறைய மூன்று மடங்காகும். பொம்மை கிரேன் பாரம் தூக்கும் ரகசியம் இதுதான்.

ஆனால், அச்சு செல்லும் துளை சற்று விலகி இருந்தால் போதும், பற்கள் சிக்கி இயந்திரமே நின்றுவிடும். எனவே ஒவ்வொரு கட்டையும் துல்லியமாக இருக்க வேண்டும். 1958ல் செய்த கட்டை, இன்று செய்யும் கட்டையோடும் சரியாகப் பொருந்துகிறது. எட்டுக் குமிழ் உள்ள ஆறு கட்டைகளை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீங்களும் மாதிரிகள் செய்வீர்கள், இல்லையா? வெளியே வண்ணத்தாள் ஒட்டிவிட்டால், உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த இடத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அதுதான் உங்கள் மூன்றாவது பூச்சு!