ஒளியின் மறை கண்ட இராமன்

காவிரியும் கொள்ளிடமும் இரு மருங்கும் சூழ நடுவே அமைந்த தீவு திருவரங்கம். அத்தீவில், அரங்கநாதர் கோயிலுக்குக் கிழக்கே விளங்கும் பழம்பதி திருவானைக்கா. ஐம்பெரும் பூதங்களுள் நீருக்கு உரிய தலமாகச் சைவர் போற்றும் ஊர் அது. நீரின் நிறத்திற்குக் காரணம் தேடி, அத்தேடலின் பயனாய் உலகப் புகழ் எய்திய அறிவியல் மேதை சர் சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவ்வூரிலேயே பிறந்தார்.

இவர்தம் தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர்; தாயார் பார்வதி அம்மையார். தாய்வழிப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரியார் வடமொழி வல்லவர். தருக்க நூலைக் கசடறக் கற்கும் வேட்கையால், இளமையில் வங்க நாட்டிற்குக் கால்நடையாகவே சென்றவர் அவர் என்பர். பேரனாரின் அறிவு வேட்கைக்கும் பின்னாளில் வங்கமே களமாயிற்று.

இராமன் குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரிக்கு ஆசிரியராய்ச் சென்றார். அங்குப் பயின்ற இராமன் தம் பதினோராம் அகவையில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் பி.ஏ. தேர்வில் முதல்வராய்த் தேறினார். மாணவராய் இருந்த நாளிலேயே ஒளி சிறு திறப்பின் வழியே செல்லும்போது தோன்றும் பட்டைகளை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். 1906இல் இலண்டன் ஆராய்ச்சி இதழொன்று அதனை வெளியிட்டது. அப்போது அவருக்கு அகவை பதினெட்டே.

அக்காலத்தில் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு வாழ்தல் நம் நாட்டில் அரிது. ஆதலின் இராமன் நிதித்துறைத் தேர்வெழுதி, 1907இல் கல்கத்தாவில் உயர் அலுவலரானார். அந்நகரில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெருந்தகை 1876இல் நிறுவிய அறிவியல் கழகம் ஒன்று இருந்தது. வைகறையிலும் மாலையிலும் அக்கழகத்தில் ஆராய்ச்சி. இடைப்பட்ட பொழுதில் அரசாங்கக் கணக்கு. இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அலுவலை விட்டால் வருவாய் குறையும். உயர்பதவி வாய்ப்பும் நீங்கும். எனினும் இராமன் தயங்கவில்லை. அலுவலைத் துறந்து ஆராய்ச்சியைத் தழுவினார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் மீண்டபோது, நடுநிலக்கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தோன்றுகிறது என அறிஞர் கருதி வந்தனர். இராமன் தம்மிடமிருந்த சிறு பட்டகத்தின் வழியே கடலை நோக்கி, மேற்பரப்பில் பட்டு மீளும் வானொளியை விலக்கினார். அப்போதும் நீலம் மறையவில்லை; முன்னினும் பொலிந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன எனத் தெளிந்தார்.

கல்கத்தா திரும்பியதும் நீர்மங்கள் பலவற்றில் ஒளியைச் செலுத்தி மாணவருடன் ஆராய்ந்தார். சிதறிய ஒளியில், செலுத்திய நிறத்தின் வேறான மங்கிய ஒளி ஒன்று காணப்பட்டது. நீர்மத்தில் கலந்த அழுக்கே காரணமோ என்னும் ஐயம் எழுந்தது. எத்தனை முறை தூய்மை செய்யினும் அவ்வொளி நீங்கவில்லை. அது மிகவும் நலிந்ததாதலின், காண்பதற்கு வலிய ஒளி வேண்டும். விண்மீன்களின் ஒளியைத் திரட்டுவதற்குரிய தொலைநோக்கி இங்குக் கதிரவனுக்குப் பயன்பட்டது. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லை கதிரொளியைத் திரட்ட, மற்றொரு சிறு வில்லை அதனை நீர்மத்தினுள் குவித்தது. வண்ணக் கண்ணாடிகள் வேண்டாத நிறங்களைத் தடுத்தன.

வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் இவ்வாராய்ச்சியில் உடனுழைத்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள், சிதறிய ஒளியை நிறமாலைகாட்டியின் வழியே நோக்கியபோது, செலுத்திய நிறத்தினின்றும் பிரிந்து புதிய நிறம் தனியே நின்றது. ஐயம் அகன்றது. மூலக்கூறில் பட்ட ஒளியின் மிகச் சிறு பகுதி, தன் ஆற்றலில் ஒரு கூற்றை அதற்கு ஈந்தோ, அதனிடமிருந்து பெற்றோ நிறம் மாறுகிறது. அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுதலின், அதுகொண்டு பொருளின் இயல்பை அறியலாம். அந்நாட்களில் மாஸ்கோவிலும் அறிஞர் இருவர் பளிங்குக் கற்களில் இவ்வுண்மையைக் கண்டனர். இராமன் காலம் தாழ்த்தாது தம் முடிவை வெளியிட்டமையால், உலகம் அதனை இராமன் விளைவு என வழங்கலாயிற்று.

1930இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1933இல் பெங்களூர் சென்று இந்திய அறிவியல் நிலையத்தின் தலைமை ஏற்றார். பின்னர்த் தாமே ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1954இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. இறுதிவரை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அப்பெரியார் 1970 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். விண்மீன்களை ஆராய்ந்து 1983இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், இவர் தமையனாரின் மைந்தரே.

பிப்ரவரி 28ஆம் நாளை நம் நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய ஊர்தி, இராமன் காட்டிய முறையால் அங்குள்ள பாறைகளை ஆராய்ந்தது. இத்துணைப் பயன் விளைத்த ஆராய்ச்சிக்கு அவர் கையாண்டவை வில்லையும் வண்ணக் கண்ணாடியும் சிறு நிறமாலைகாட்டியுமே. கண்டதை ஏன் என வினவும் உள்ளமும், விடை கிட்டுமளவும் தளராத உழைப்பும் அவற்றோடு சேர்ந்தன. எளிய கருவிகளே உள்ளன என்று சோர்வுறும் இளைஞர்க்கு இராமனின் வாழ்க்கை ஊக்கம் தரும் விளக்காகும்.