குழந்தைகளுக்குத் தோட்டம் போட்டவர் – ஃபிரீட்ரிக் ஃபிரோபெல்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். தெரிஞ்ச மாதிரி எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

போன வருஷம் என் மகள் மூணாம் வகுப்பு. தினமும் யூனிஃபார்ம் எல்லாம் சேறாக வருவாள். கேட்டால் ஸ்கூல் தோட்டத்தில் வெண்டைக்குத் தண்ணி ஊத்தினேன் என்பாள். படிக்க அனுப்பினால் மண் அள்ள விடுறாங்களே என்று டீச்சரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவங்க கோபப்படவில்லை. எல்.கே.ஜி. என்கிறோமே, அதில் கே.ஜி. என்றால் என்ன தெரியுமா என்று கேட்டார்கள். கிண்டர்கார்டன். ஜெர்மன் மொழியில் குழந்தைகள் தோட்டம் என்று அர்த்தமாம். அந்தப் பெயரை வைத்தவரைப் பற்றி ஒரு புத்தகமும் கொடுத்தார்கள்.

அவர் பெயர் ஃபிரீட்ரிக் ஃபிரோபெல். 1782 ஏப்ரல் 21-ல் ஜெர்மனியில் ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அப்பா பாதிரியார், பிள்ளையைப் பார்க்க நேரமில்லை. சித்தியும் தனக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் இவரை ஒதுக்கிவிட்டார். செடியும் மரமும்தான் அந்தப் பிள்ளைக்குத் துணை. பத்து வயதில் தாய்மாமன் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தார். 15 வயதில் காடு பராமரிக்கும் ஒருவரிடம் வேலை பழகினார். அப்புறம் ஜெனா பல்கலைக்கழகம் போனார். அங்கே கடனைக் கட்ட முடியாமல் ஒன்பது வாரம் சிறையில் இருந்தார். கடன் படுத்தும் பாடு நமக்குத் தெரியாததா?

1805-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வாத்தியார் ஆனார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாட்சி என்ற பெரிய ஆசிரியரிடம் இரண்டு வருஷம் கற்றார். 1816-ல் இறந்துபோன அண்ணனின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாகப் பள்ளி ஆரம்பித்தார். பிறகு சின்னக் குழந்தைகள் பக்கம் மனசு போனது. 1837-ல் பிளாங்கன்பர்க் ஊரில் அவர்களுக்கென்று ஒரு இடம் தொடங்கி, 1840-ல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார்.

அது வெறும் பெயர் இல்லை, நிஜத் தோட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சின்னப் பாத்தி. சுற்றிலும் எல்லோருக்கும் பொதுப் பாத்தி, அதில் பூவும் காய்கறியும். தன் பாத்தியில் விருப்பப்படி விதைக்கலாம், வாடினால் தன் பொறுப்பு. பொதுப் பாத்தியை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். நம்ம குழு மாதிரிதான்.

இதை நடத்தப் பணம் வேண்டுமே. 10 தாலர் ஒரு பங்கு என்று வைத்து, ஜெர்மன் பெண்களிடம்தான் முதலில் கேட்டார். எதிர்பார்த்த அளவு சேரவில்லை. அவர் விடவில்லை. இளம்பெண்களை ஆசிரியைகளாகப் பழக்கினார். 1851-ல் பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. மனசு உடைந்த அவர் அடுத்த வருஷம் ஜூன் 21-ல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல்தான், அதைப் பார்க்க அவர் இல்லை.

ஆனால் பெண்கள் அதை விடவில்லை. மார்கரெத் ஷூர்ஸ் என்ற ஜெர்மன் பெண் 1856-ல் அமெரிக்காவில் வாட்டர்டவுன் ஊரில் தன் வீட்டிலேயே ஒன்று ஆரம்பித்தார். அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது.

படித்து முடித்ததும் வெட்கமாகிவிட்டது. டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் பார்த்தேன், வேலி இல்லாமல் ஆடு மேய்ந்து பாதிச் செடி போயிருந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, நாங்களே முள்வேலி கட்டிக் கொடுத்தோம். கீரை விதையும் கொடுத்தோம். இப்போது என் மகள் வெண்டைக்காயை எண்ணி எண்ணிக் கணக்குப் போடுகிறாள்.

உங்க ஊர்ப் பள்ளியிலும் ஒரு எட்டு போய்ப் பாருங்க. யூனிஃபார்ம் சேற்றை நாம துவைச்சுக்கலாம்.