இயன் கர்ட்டிஸ்

மாஞ்செஸ்டரை அடுத்த மாக்கிள்ஸ்பீல்டு நகரில், அங்கவீனர்க்கு வேலை தேடித் தரும் அரசாங்க உத்தியோகத்திலிருந்தவர் இயன் கர்ட்டிஸ் (1956–1980). ஜாய் டிவிஷன் என்னும் ராக் இசைக்குழுவின் பாடகரும் பாடலாசிரியரும் அவரே. தம் அலுவலகத்திற்கு வந்துபோன பெண்ணொருத்தி காக்கைவலிப்பால் இறந்தமை கேட்டு மனமுருகி ஒரு பாட்டு இயற்றினார். பின்னர் அந்நோய் அவரையே பற்றியது. 1979-இல் வெளிவந்த அன்நோன் பிளெஷர்ஸ் என்னும் முதல் இசைத்தட்டில் அப்பாட்டைக் கேட்குந்தோறும் நம் உள்ளம் நடுங்குகின்றது. மேடையில் அவர் கைவீசி ஆடுங்கால், அஃது ஆட்டமோ வலிப்போ என்றறியாது சில வேளை கண்டோர் மயங்கினர்.

அமெரிக்கப் பயணத்திற்கு முந்திய நாள், 1980 மே 18-இல், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார், வயது 23. இரண்டாம் தட்டாகிய குளோசர் இரண்டு திங்கள் கழித்தே வெளிவந்தது. முதலதினும் இதுவே சிறந்ததென்பது நம் துணிபு. எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் எனப் பெயர் மாற்றிக்கொண்டு இசைத்தொழிலைத் தொடர்ந்தனர்.