ஜ்யோதிஷ்குடியில் பிள்ளை லோகாசாரியர்

வேண்டியதை எம்பெருமான் உடனே அருளாதபோது அடியாரின் உள்ளம் கலங்குவது இயல்பே. அக்கலக்கம் தீர நினைக்கத்தக்கது பிள்ளை லோகாசாரியரின் திவ்ய சரிதம்.

திருவரங்கத்தில் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரராக ஐப்பசித் திருவோணத்தில் அவதரித்தவர் இவர். தந்தையாரின் ஆசாரியரான நம்பிள்ளைக்கு வழங்கிய லோகாசாரியர் என்னும் திருநாமமே இவருக்கும் சாற்றப்பட்டது. இல்லறம் புகாது, ரகஸ்யங்களின் பொருளை வடமொழி அறியாதாரும் மகளிரும் உணரும் வண்ணம் 18 நூல்களாக அருளிச்செய்தார். முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசன பூஷணம் ஆகியவை அவற்றுள் தலையாயவை. நம்மைக் காப்பது நம் முயற்சியன்று. நாம் செய்யும் சரணாகதியுமன்று. எம்பெருமானே உபாயம் என்பது இவர் காட்டிய நெறி.

அந்நெறிக்குக் கடுஞ்சோதனை 1323-ஆம் ஆண்டில் வந்தது. தில்லிப் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தது. கருவறையின் முன்னே கற்சுவர் எழுப்பிப் பெரிய பெருமாளை மறைத்தனர். உத்ஸவரான அழகிய மணவாளரை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு, முதுமையையும் பாராது தெற்கு நோக்கிப் புறப்பட்டார் ஆசாரியர். வழியில் கள்வர் பெருமாளின் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். தம்மிடம் எஞ்சியிருந்த பொருளையும் தாமே அவர்களிடம் கொடுத்தார் அவர். பெருமாளின் திருமேனிக்குத் தீங்கு நேராமை ஒன்றே அவருடைய கவலை.

எம்பெருமானே காப்பான் என்று உலகுக்கு உபதேசித்தவர், அவனைக் காக்கக் காட்டுவழியில் நடந்தார். இதில் முரண் இல்லை. தமக்கு வேண்டும் காவலை அவனிடம் விட்டவர், அவனுக்கு என்ன நேருமோ என்று தாய்போல் அஞ்சினார். பெரியாழ்வார் பல்லாண்டு பாடியதும் இப்பரிவினாலன்றோ!

மதுரைக்கு அருகே, ஆனைமலை அடிவாரத்தில் இன்று கொடிக்குளம் எனப்படும் ஜ்யோதிஷ்குடியில் பெருமாள் தங்கினார். மீண்டும் கோயிலுக்கு எழுந்தருள வேண்டும் என்பதே அனைவரின் பிரார்த்தனை. அது நிறைவேறுவதற்கு முன்பே ஆசாரியர் நோயுற்றார். அந்நிலையிலும் அவர் அவனை நொந்துகொள்ளவில்லை. மதுரையில் அரசுப் பணியில் ஆழ்ந்திருந்த திருமலையாழ்வாரைத் தரிசனத்துக்கு மீட்டுக்கொள்ளுமாறு கூரகுலோத்தம தாசர் முதலான சீடர்களுக்கு நியமித்துவிட்டுப் பரமபதம் எய்தினார். திருவரங்கத்தை அவர் மறுபடியும் காணவில்லை.

பெருமாளின் பயணமோ சேரநாடு, திருநாராயணபுரம், திருமலை என நீண்டது. 1371-ஆம் ஆண்டில், கோபணாரியரின் முயற்சியால், 48 ஆண்டுகளுக்குப் பின் அவர் திருவரங்கம் திரும்பினார். இடைக்காலத்தில் அங்கே வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தமையால், முன்னைய பெருமாள் எவர் என்ற ஐயம் எழுந்தது. திருப்பரிவட்டம் துவைக்கும் கைங்கர்யம் செய்த, கண்பார்வை இழந்த முதியவர் ஒருவர், திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொண்டே இவரை அடையாளம் கண்டு நம்பெருமாள் என்றார் என்பது வரலாறு. அத்திருநாமமே நிலைத்தது.

சீடர்களால் மீட்கப்பட்ட திருமலையாழ்வார், திருவாய்மொழிப்பிள்ளையாய் விளங்கினார். 1370-இல் அவதரித்த மணவாள மாமுனிகள் அவரிடம் பயின்று, ஸ்ரீவசன பூஷணத்துக்கு உரை வரைந்தார். நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு ஈடு காலட்சேபமும் சாதித்தார். ஜ்யோதிஷ்குடியில் எழுந்த பிரார்த்தனை வீண்போகவில்லை. பலித்த காலம் மட்டுமே எம்பெருமான் திருவுள்ளப்படி அமைந்தது. பலனைக் கண்ணால் காணாமலே கைங்கர்யத்தை விடாதிருந்த அம்மஹாவிசுவாசம் நமக்கும் வாய்ப்பதாக.

பிள்ளை லோகாசாரியர் திருவடிகளே சரணம்.