மைதானப் பணியாளரின் மகன் ஜாக் ஹொப்ஸ்: எமது பாடசாலைகளுக்கு ஒரு பாடம்

கிரிக்கெட் பேசாத வீடு எமது ஊர்களில் குறைவு. முதல்தரக் கிரிக்கெட்டில் அதிக ஓட்டங்களைக் குவித்தவர் யார் என்று வகுப்பில் கேட்டால், டெண்டுல்கர், சங்கக்கார என்றே பிள்ளைகள் கை உயர்த்துகிறார்கள். சரியான விடை ஜாக் ஹொப்ஸ். 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்கள், 197 சதங்கள். சில தொகுப்பாளர்களின் கணக்கில் 199 சதங்கள். அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் இச்சாதனைகளை எவரும் முறியடிக்கவில்லை. ஆயினும் இந்த எண்களுக்காக மட்டும் அவரைப் பற்றி நான் எழுத முன்வரவில்லை. அவர் எந்த வீட்டிலிருந்து வந்தார், எந்த வாயிலால் மைதானத்துக்குள் இறங்கினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஹொப்ஸ் 1882 டிசம்பர் 16 ஆம் திகதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை அங்குள்ள ஜீசஸ் கல்லூரியின் மைதானப் பணியாளர். புல்வெட்டி, ஆடுகளம் தயார் செய்து, கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்குப் பந்தும் வீசுவது அவரது வேலை. விடுமுறை நாட்களில் சிறுவன் ஜாக், கல்லூரி ஊழியர்களோடு சேர்ந்து டெனிஸ் பந்தாலும் ஒரு ஸ்டம்பாலும் ஆடிப் பழகினான். மெல்லிய ஸ்டம்பால் பந்தை அடித்துப் பழகிய கைக்குத் துடுப்பு பிற்பாடு அகலமாகத் தெரிந்திருக்க வேண்டும். முறையான பயிற்றுநர் எவரும் அவருக்கு இருக்கவில்லை.

சிறு வயதிலேயே பாடசாலையை விட்டு வேலைக்குப் போனார். 1902 இல் தந்தை இறந்தார். தேர்வுக்கு ஒரு சந்தர்ப்பம் தரும்படி எசெக்ஸ் கவுண்டி அணியிடம் கேட்கப்பட்டது. அவர்கள் தரவில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவரும் சரே அணியின் முன்னணித் துடுப்பாட்ட வீரருமான டொம் ஹேவார்ட் அவருக்குக் கைகொடுத்தார். 1903 இல் ஓவல் மைதானத்தில் நடந்த தேர்வில் சரே அணி அவரை எடுத்துக்கொண்டது. அக்காலச் சட்டப்படி வேறு மாவட்டத்தில் பிறந்தவர் இரண்டு ஆண்டுகள் அங்கு வசித்த பின்னரே கவுண்டிக்கு ஆடலாம். ஹொப்ஸ் காத்திருந்தார். 1905 இல் டபிள்யூ.ஜி. கிரேஸ் தலைமை தாங்கிய அணிக்கு எதிராக முதல் போட்டியில் 18, 88 ஓட்டங்கள். அடுத்த போட்டியில் 155. அந்தப் போட்டியின் எதிரணி, அவரை வேண்டாமென்ற அதே எசெக்ஸ்.

அன்றைய இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் வீரர்கள் இரண்டு வகுப்பினர். சம்பளம் பெறாமல் ஆடும் வசதிபடைத்த கனவான்கள் ஒரு வகுப்பு. ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்ட தொழில்முறை வீரர்கள் மற்றது. ஒரே அணி என்றாலும் உடைமாற்றும் அறை வேறு. பல மைதானங்களில் உள்ளே இறங்கும் வாயிலும் வேறு. ஓட்டப் பட்டியலில் கனவானின் பெயருக்கு முன்னால் முதலெழுத்துக்கள் அச்சாகும். தொழிலாளியின் பெயருக்கு அவை பின்னால் தள்ளப்படும், அல்லது இல்லாமலே போகும். அணித்தலைவர் பதவி கனவானுக்கே உரியது. ஹொப்ஸ் தன் காலம் முழுவதும் இந்த இரண்டாம் வகுப்பிலேயே ஆடினார்.

1908 ஜனவரியில் மெல்பேர்னில் முதல் டெஸ்ட். அதில் 83 ஓட்டங்கள். 1912 இல் அதே மைதானத்தில் வில்பிரட் ரோட்ஸுடன் முதல் விக்கெட்டுக்கு 323 ஓட்டங்கள் சேர்த்தார். அதன் பின் உலகப் போர் வந்தது. 31 வயதில் இருந்த வீரர் மீண்டும் கவுண்டி ஆட்டத்துக்குத் திரும்பியபோது வயது 36. பலர் விளையாட்டை முடித்துக்கொள்ளும் வயது. அவரது சதங்களில் ஏறத்தாழப் பாதி 40 வயதைத் தாண்டிய பிறகு வந்தவை. 1925 ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 16 சதங்கள். அவ்வருடம் ஓகஸ்டில் டோன்டன் மைதானத்தில், ஒரே போட்டியின் முதல் இனிங்ஸில் கிரேஸின் 126 சதங்களைச் சமன் செய்து, இரண்டாவது இனிங்ஸில் அதைக் கடந்தார். 1929 இல் மெல்பேர்னில் 142 ஓட்டங்கள் எடுத்தபோது அவருக்கு 46 வயது. இன்றுவரை டெஸ்ட் சதம் அடித்தவர்களில் மிக மூத்தவர் அவர்தான். 61 டெஸ்ட் போட்டிகளில் 5,410 ஓட்டங்களுடன் 1930 இல் விடைபெற்றார்.

1926 இல் மான்செஸ்டர் டெஸ்டின் நடுவே அணித்தலைவர் ஆர்தர் கார் நோயுற்றார். அணியில் கனவான் வகுப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இருந்தும், களத்தில் பொறுப்பு ஹொப்ஸிடம் கொடுக்கப்பட்டது. அனுபவத்தின் முன்னால் வகுப்புப் பிரிவு ஒரு கணம் விலகி நின்றது. ஆனால் தொழில்முறை வீரர் ஒருவரை இங்கிலாந்து அணித்தலைவராக முறைப்படி நியமிக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயமும் உண்டு. புகழின் உச்சியில் இருந்தபோதே ஹொப்ஸ் லண்டன் ஃப்ளீட் வீதியில் விளையாட்டுப் பொருட் கடை ஒன்றைத் திறந்தார். ஒரு காயம் வந்தால் சம்பளம் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். விளையாட்டையும் குடும்பப் பொறுப்பையும் ஒன்றுக்கொன்று எதிரியாக அவர் பார்க்கவில்லை.

1930-31 இல் விஜயநகர இளவரசரின் அணியோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். தீவிர கிறிஸ்தவரான அவர் அச்சுற்றுப்பயணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட மறுத்தார். அவருடைய மதம் வேறு, நாள் வேறு. ஆனால் வெள்ளிக்கிழமைப் போட்டிகளின்போது ஜும்ஆ நேரத்தை எப்படிக் கேட்பது என்று தயங்கும் எமது மாணவ வீரர்களுக்கு இதில் ஒரு துணிவு உண்டு. திறமையும் கண்ணியமும் உள்ளவன் தன் நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னால் உலகம் பெரும்பாலும் மதிக்கும்.

1934 இல் ஓவல் மைதானத்தில் ஒரு வாயிலுக்கு அவரது பெயரைச் சூட்டினார்கள். கனவான்களின் வாயிலால் வர அனுமதியில்லாத மனிதருக்கு வாயிலே நினைவுச்சின்னமானது. 1953 இல் சேர் பட்டம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் தொழில்முறைக் கிரிக்கெட் வீரர் அவரே. 1962 நவம்பரில் இரு வகுப்புப் பாகுபாடு ஒழிக்கப்பட்டது. 1963 டிசம்பர் 21 இல் அவர் காலமானார்.

ஹொப்ஸ் பொறுமையாக இருந்தார், ஆகவே நீயும் பொறுத்துக்கொள் என்று ஏழைப் பிள்ளைக்குப் போதிப்பது இலகு. அந்தப் பாடத்தை நான் ஏற்கவில்லை. பொறுமை அவரது பண்பு. இரண்டு வாயில்களை வைத்திருந்தது மற்றவர்களின் வெட்கக்கேடு. அதை மூட அரை நூற்றாண்டுக்கும் மேல் எடுத்தார்கள்.

பிள்ளையின் குடும்பப் பின்னணியை அறிந்து கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் எமக்குச் சொல்லித் தந்தார்கள். நடைமுறையில் பின்னணியை அறிவது பல இடங்களில் பிள்ளையைத் தரம் பிரிக்கவே உதவுகிறது. துடுப்பும் பாதணியும் வாங்கித் தரக்கூடிய வாப்பாவின் மகன் அணியில் முதலில் இடம்பெறுவதையும், நாட்கூலித் தொழிலாளியின் மகன் எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்குவதையும் நான் கற்பித்த பாடசாலையிலேயே கண்டிருக்கிறேன். பரிசளிப்பு விழாவில் முன்வரிசை யாருக்கு என்பதிலும் இதே கதைதான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடம் ஒரு முறை பொதுவான விளையாட்டு உபகரணங்களை வாங்கி அதிபரிடம் ஒப்படைக்கலாம். அணித் தெரிவைப் பயிற்சியின் வரவையும் ஆட்டத்தையும் மட்டும் பார்த்துச் செய்யலாம். இவை பெரிய செலவல்ல. மைதானத்தில் புல்வெட்டுபவரின் மகன் பாடசாலையின் பிரதான வாயிலால் நிமிர்ந்து வரட்டும். அவன் எத்தனை ஓட்டங்கள் எடுப்பான் என்பதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.