டியூன் பண்ணத் தெரியாதவர் செய்த பேஸ் கிட்டார்

எங்க ஹாஸ்டல்ல சீனியர்கள் விட்டுட்டுப் போன ஒரு பழைய பேஸ் கிட்டார் இருக்கு. கோவளம் உப்புக்காத்துல ரெண்டு வருஷமா கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. கல்ச்சுரல்ஸுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது எடுத்து ஆம்ப்ல மாட்டினா, சத்தமே வரலை. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா பிக்கப் காயில் உள்ளுக்குள்ளே எங்கேயோ அறுந்து போயிருக்கு. புதுசு வாங்கக் காசில்லை. பக்கத்து ரூம்ல கழுத்து உடைஞ்ச எலக்ட்ரிக் கிட்டார் ஒண்ணு சும்மா கிடந்தது. அதோட பிக்கப்பைக் கழட்டி இதுல வெச்சா என்னன்னு ஒருத்தன் கேட்டான்.

வேலை செய்யுமா, செய்யாதான்னு தேடப் போன இடத்துலதான் லியோ ஃபெண்டரோட கதை கிடைச்சது. கிட்டார் பிடிக்கிற எல்லாருக்கும் ஃபெண்டர் என்ற பெயர் தெரியும். ஆனா அந்தப் பெயருக்குப் பின்னாடி இருந்த மனுஷரைப் பத்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியாவில் பிறந்தார். அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அவருடைய பெற்றோருக்கு ஓர் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. எட்டு வயதில் கண்ணில் கட்டி வந்து இடது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். அவருடைய மாமா ஒருவர் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை செய்யும் கடை வைத்திருந்தார். லியோவுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது ஒரு பெட்டி நிறையப் பழைய ரேடியோ பாகங்களை அனுப்பி வைத்தார். பையன் அதிலேயே மூழ்கிவிட்டான். பள்ளியில் படிக்கும்போதே அக்கம்பக்கத்தாருக்கு ரேடியோ ரிப்பேர் செய்து கொடுக்க ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவர் கல்லூரியில் என்ன படித்திருப்பார்? நம்ம இசிஇ டிபார்ட்மென்ட் மாதிரி ஏதாவதுன்னு நினைப்பீங்க. இல்லை. அவர் படித்தது அக்கவுண்டிங். எலக்ட்ரானிக்ஸ் பாடம் ஒன்றைக்கூட வகுப்பில் உட்கார்ந்து படித்ததில்லை. படித்து முடித்துக் கணக்கு எழுதும் வேலைக்குத்தான் போனார். அது அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நடந்த காலம். நெடுஞ்சாலைத் துறையில் பார்த்த வேலை போனது. அடுத்து ஒரு டயர் கம்பெனியில் சேர்ந்தார். அதுவும் சில மாதங்களில் போனது. கையில் மனைவி, குடும்பம், வேலை இல்லை. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார்.

அந்தக் கடைதான் அவருடைய உண்மையான கல்லூரி. உள்ளூர் இசைக்கலைஞர்கள் கெட்டுப்போன ஆம்ப்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்த இடத்தில் கம்பி விட்டுப்போகும், எந்தப் பாகம் சூடாகும், மேடையில் எது சொதப்பும் என்பதெல்லாம் ரிப்பேர் செய்து செய்தே அவருக்குப் பழகியது. டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து 1940-களின் நடுவில் சொந்தமாக ஒரு பிக்கப் செய்தார். அதைச் சோதிக்க ஒரு கிட்டாரும் செய்து, உள்ளூர்க் கலைஞர்களிடம் வாசித்துப் பார்க்கக் கொடுத்தார். 1946-இல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. டியூன் பண்ணக்கூடத் தெரியாது. அதனாலேயே அவர் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டார். எதைச் செய்தாலும் வாசிக்கிறவர் கையில் கொடுத்துவிடுவார். கச்சேரி நடக்கும் இடத்துக்கே போய் நின்று கேட்பார். அவர்கள் குறை சொன்னால் திரும்ப எடுத்து வந்து மாற்றுவார். அவர் செய்த டெலிகாஸ்டர் கிட்டாரில் கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு மாட்டினார். கழுத்து கெட்டுப்போனால் கழட்டி வேறு மாட்டிக்கொள்ளலாம் இல்லையா? அது ரிப்பேர்காரனின் மூளை.

அடுத்து பேஸுக்கு வந்தார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதைக் காரில் ஏற்றுவதே பெரும்பாடு. டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் முழங்கும் மேடையில் அதன் சத்தம் அமுங்கிப் போகும். ஃப்ரெட் கிடையாது என்பதால் ஸ்வரம் பிசகாமல் வாசிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். 1951-இல் லியோ பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஃப்ரெட் இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும். அந்தத் துல்லியம்தான் பெயரிலும் இருக்கிறது.

இங்கேதான் எங்க ஹாஸ்டல் பிரச்சினையும் வருது. பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, காந்தமும் அதைச் சுற்றிய காயிலும்தான். முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். நாம் படித்த ஃபாரடே விதி, அவ்ளோதான். கிட்டாரின் அடிக்கம்பி வினாடிக்கு 82 தடவை அதிரும், பேஸின் அடிக்கம்பி 41 தடவை. விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

லியோவும் 1951-இல் அப்படித்தான் யோசித்தார். கிட்டார் பிக்கப்பைப் போலவே ஒரே காயில், ஒரு கம்பிக்கு ஒரு காந்தக் குச்சி, மொத்தம் நாலு. வேலை செய்தது. ஆனால் பேஸ் கம்பி தடிமன் அதிகம், அதிர்வின் வீச்சும் அதிகம். மீட்டிய நொடியில் கம்பி காந்தத்துக்கு நேர் மேலே பலமாக ஆடுவதால் சத்தம் திடீரென்று உதைக்கும். அந்தக் காலத்து ஸ்பீக்கர்களுக்கு அது ஆபத்து. ஒற்றைக் காயில் என்பதால் மின்சார இரைச்சலும் கூடவே வரும்.

விற்பனையாகிக்கொண்டிருந்த ஒரு பொருளை 1957-இல் மறுபடி பிரித்தார். காயிலை இரண்டாக வெட்டி, இரண்டு கம்பிக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தார். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு காந்தக் குச்சிகள். கம்பி அவற்றுக்கு நடுவில் அதிர்வதால் உதை குறைந்தது. இரண்டு காயில்களையும் எதிரெதிர்த் திசையில் இணைத்ததால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. இன்றைக்கும் பிரிசிஷன் பேஸில் அடிப்படையில் அதே பிக்கப்தான். தன் முதல் விடையைத் தானே அடித்துத் திருத்தினாரே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸிலும் ஒரு கம்பிக்கு இரண்டு குச்சிகள்தான்.

கோவளத்துல அலைச்சறுக்குப் பலகையோட திரியுறவங்களுக்கு ஒரு தகவல். கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்குப் பெயர் வாங்கித் தந்த டிக் டேல், லியோவின் கிட்டாரைத்தான் வாசித்தார். அவர் வாசித்த வேகத்தில் லியோ கொடுத்த ஆம்ப்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து போயின. லியோ கோபப்படவில்லை. எரிந்ததை எடுத்துப் பார்த்து, இன்னும் பலமான ஆம்ப் செய்தார்.

1950-களில் தொடங்கிய ஒரு தொற்று அவரை வருடக்கணக்கில் வாட்டியது. இனி அதிக நாள் இருக்க மாட்டோம் என்று நினைத்து, 1965-இல் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார். பிறகு வேறொரு டாக்டரிடம் போனார், உடம்பு குணமானது! ஆனால் அவர் பெயர் தாங்கிய கம்பெனி கையில் இல்லை. பத்து வருடம் போட்டியாகத் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. அது முடிந்ததும் மியூசிக் மேன் என்ற கம்பெனிக்குப் போனார். 1976-இல் அங்கிருந்து வந்த ஸ்டிங்ரே பேஸில் பெரிய எட்டுக் குச்சிப் பிக்கப்பும் பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டும் இருந்தன. 70 வயதில் ஜி அண்ட் எல் என்று இன்னொரு கம்பெனி தொடங்கி, மறுபடி புதுப் பிக்கப் செய்யப் போய்விட்டார். பார்க்கின்சன் நோய் வந்தபிறகும் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று இறந்தார். முந்தைய நாளும் பட்டறைக்குப் போயிருந்தார்.

சரி, எங்க பேஸ்? கிட்டார் பிக்கப்பை மாட்டிட்டோம். வேலை செய்யுது. ஆறு குச்சிக்கு மேல நாலு கம்பி போறதால எதுவும் நேர் வரலை. நடு ரெண்டு கம்பி கொஞ்சம் சத்தம் கம்மி. நாங்க மூணு பேரும் ஸ்பான்ச் வெச்சு உயரத்தை மாத்தி, இதுவே போதும்னு முடிவு பண்ணிட்டோம். எங்க மூணு பேருக்குமே பேஸ் வாசிக்கத் தெரியாது. அப்பதான் லியோ ஞாபகம் வந்தது. வாசிக்கப் போற ஜூனியரைக் கூப்பிட்டு அவன் கையில கொடுத்தோம். வாசிச்சுப் பார்த்து, முகத்தைச் சுளிச்சு, நாலு குறை சொன்னான்.

சால்டரிங் அயர்னை மறுபடி சூடு பண்ணினோம்.